வாகையும் வஞ்சமும்

“எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை.” விளையாட்டு மைதானத்திலே பிணக்கு ஒன்று எழுந்துவிட்டால், பெரியோர் ஒருவர் வாயிலிருந்து இவ்வார்த்தை வராமற் போவதில்லை. மாட்டுவண்டிச் சவாரியில் எந்தச் சோடி முந்தியதென்று வாக்குவாதம் மூண்டாலும் சரி, நிலவொளியில் கிளித்தட்டு மறிக்கும் சிறுவர் ‘பட்டது, படவில்லை’ என்று அளாப்பினாலும் சரி, பழைய காலத்தின் நேர்மையே நமக்கு எடுத்துக்காட்டப்படுகின்றது. பெரியோர் சொல்லைத் தட்டுவது என் நோக்கமன்று. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, நாம் போற்றும் அப்பழங்காலத்திலும் வாகை மாலையின் பக்கத்திலே வஞ்சமும் இருந்தமை தெரியவருகின்றது. இதனை எடுத்துரைப்பது முன்னோரை இழிவுபடுத்துவதாகாது. அவர்களிடம் நாம் கற்கவேண்டியது வேறொன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒலிம்பியாவின் வழியிலே

நான் பயின்ற மிசன் பாடசாலையில், விளையாட்டுப் போட்டி நடக்கும் தவணையிலே காலைக் கூட்டத்தில் தவறாது ஒரு வாசகம் படிக்கப்படும். விதிப்படி போட்டியிடாதவன் முடி சூட்டப்படான் என்பது அதன் பொருள். அதனையடுத்து, கிரேக்க வீரர் பொருளை விரும்பாது ஓர் ஒலிவ இலை முடிக்காகவே ஓடினர் என்று ஆசிரியர் எடுத்துரைப்பார். பல்கலைக்கழகம் புகுந்து நூல்களைப் படித்த பின்னரே அச்சித்திரத்தின் மறுபுறம் எனக்குத் தெரிந்தது.

ஒலிம்பிய விழா கி.மு. 776இல் தொடங்கியதென்பது மரபு. அங்கே கொடுத்த பரிசு ஒலிவ முடியே; ஆனால் ஊர் திரும்பிய வீரனுக்குப் பொருளும் காத்திருந்தது. ஒலிம்பியாவில் வென்றவனுக்கு 500 திராக்குமா கொடுக்கவேண்டுமென்று ஏதென்சு நகரிலே சோலன் விதித்தான் எனப் புளூட்டாக் எழுதியுள்ளார். பொருள் வரும் வழியில் பொய்யும் வரும் என்பதைக் கிரேக்கர் அறியாதவரல்லர். ஆகவேதான் வீரர் மட்டுமன்றி, அவர்தம் தந்தையரும் உடன்பிறந்தாரும் பயிற்சியாளரும் சீயுஸ் தெய்வத்தின் சிலைமுன் நின்று, பலியிட்ட பன்றியின் தசைமீது ஆணையிட்டனர். சிறுவர் போட்டிகளுக்குத் தகுதி பார்க்கும் நடுவர், கைக்கூலி பெறோம் என்று தாமும் ஆணையிட்டனர்.

ஆணை இருந்தும் பிழை நடந்தது. கி.மு. 388இல் தெசலி நாட்டு யூப்போலஸ் என்பவன் தன்னோடு மோதவிருந்த குத்துச்சண்டை வீரர் மூவருக்குப் பணம் கொடுத்து வென்றான். அம்மூவருள் ஒருவன் முந்திய விழாவிலே முடி சூடியவன்! கி.மு. 332இல் ஏதென்சைச் சேர்ந்த கலிப்பஸ் என்பவன் ஐந்து போட்டிகள் அடங்கிய பந்தயத்தில் எதிரிகளை விலைக்கு வாங்கினான். ஏதென்சு நகரம் வெட்கப்பட்டதா? இல்லை. ஹைப்பறீடஸ் என்னும் பெரும் பேச்சாளனைத் தூதனுப்பி, தண்டத்தை நீக்கும்படி வாதாடியது. அது பலியாதபோது விழாவையே புறக்கணித்தது. தண்டம் செலுத்தும் வரை ஏதென்சுக்கு அருள்வாக்குக் கிடையாதென்று டெல்பித் தெய்வம் மறுத்த பின்னரே அந்நகரம் பணிந்தது. கி.மு. 12இல் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. சிறுவர் மற்போரில் தன் மகன் வெல்லவேண்டுமென்று ஒரு தந்தை, எதிரிச் சிறுவனின் தந்தைக்குப் பணம் கொடுத்தான். நடுவர் தண்டித்தது பிள்ளைகளையன்று, தந்தையர் இருவரையுமே.

உரோமர் ஆட்சியில் நிலைமை மேலும் இழிந்தது. கி.பி. 67இல் நீரோ மன்னன் பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து விழுந்தான், பந்தயத்தை முடிக்கவுமில்லை. முடி மட்டும் அவனுக்கே சூட்டப்பட்டது. எகிப்து நாட்டில் கிடைத்த கி.பி. 267ஆம் ஆண்டுப் பப்பிரசு ஏடு ஒன்று இதனினும் வியப்பானது. அந்தினூபொலிஸ் நகரில் நடந்த மற்போரின் இறுதிச் சுற்றிலே, டெமேத்திரியஸ் என்னும் இளைஞன் வேண்டுமென்றே விழுந்து தோற்கவேண்டும்; அதற்கு அவன் பெறுவது 3,800 திராக்குமா. வாக்குத் தவறினால் அவன் தரப்பு தண்டம் கட்டவேண்டும். களவுக்கும் முறையாக உடன்படிக்கை எழுதி வைத்தார்கள்! அவ்வேடு 2014இல் பதிப்பிக்கப்பட்டது.

நம்மவர் ஏடுகளிலே

“கிரேக்கர் கதை நமக்கெதற்கு?” என்று கேட்கலாம். நம் ஏடுகளையும் பார்ப்போம்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சூதாட்டத்தை ஓரிடத்திலே கூட்டி, அதற்கென ஓர் அதிகாரியை வைத்து, காய்களையும் அவரே வழங்கவேண்டுமென விதிக்கின்றது. காயை மாற்றி வைத்தவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். பந்தயம் கட்டி நடத்தும் ஏனைய போட்டிகளுக்கும் அவ்விதியே பொருந்தும். கல்வி, கலைப் போட்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. களவு இல்லாத நாட்டில் இத்தகைய சட்டம் தோன்றுமா?

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் புறநானூற்றிலே பாடியுள்ளனர். வெற்றி அவனுடையதே என்று ஒரு சாராரும், அன்று என்று மறு சாராரும் கூறியதை நக்கண்ணையார் பாட்டொன்று காட்டுகின்றது. நம் சவாரித் திடலிலே இன்று எழும் வாக்குவாதம் சங்க காலத்திலும் எழுந்ததென்க.

பாரதத்தை நோக்குங்கால், சகுனியின் காயை யாவரும் அறிவர். அதனினும் சிந்திக்கத்தக்கது பதினெட்டாம் நாள் நடந்த கதாயுத்தம். நாபிக்குக் கீழே அடித்தலாகாதென்பது கதைப்போரின் முறை. வீமன் துரியோதனனின் தொடையை அடித்து முறித்தான். இருவருக்கும் ஆசிரியராகிய பலராமர் சினந்து கலப்பையை ஓங்கினார்; கண்ணன் தடுத்து நிறுத்தினான். துரியோதனன் பாவி, பாண்டவர் பக்கமே தருமம். ஆயினும் அப்பிழையைப் பாரதம் மூடி மறைக்கவில்லை. நாயகனின் குற்றத்தையும் நாலுபேர் அறிய எழுதி வைத்த பெருமை அந்நூலுக்குரியது.

ஏனாதிநாதர் கண்ட வாகை

எங்களூர்க் கோயிலிலே புராண படனம் நடக்கும்போது, அப்பாச்சியின் மடியிலிருந்து நான் கேட்ட கதை ஒன்று உண்டு. ஏனாதிநாத நாயனார் எயினனூரிலே வாட்பயிற்சி கொடுத்தவர். அவரிடம் மாணவர் பெருகியதால், அதே தொழில் செய்த அதிசூரனின் வருவாய் குறைந்தது. வென்றவருக்கே தொழிலுரிமை என்று அவன் சுற்றத்தாரோடு வந்து பொருதான், தோற்று ஓடினான். இரவு முழுதும் உறக்கமின்றிச் சிந்தித்து, “உற்றார் மடியவேண்டாம், நாமிருவர் மட்டும் வேறோரிடத்திலே பொருவோம்” என்று ஆளனுப்பினான். நாயனார் தனியே சென்றார்.

அதிசூரன் ஒருநாளும் நீறு பூசாதவன். அன்று நெற்றியிலே நீறணிந்து, அதைக் கேடயத்தால் மறைத்து வந்தான். நாயனார் அவனை வெட்டப்போகும் வேளையிலே கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட நாயனார் கை தளர்ந்தார். வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட நினைத்தார்; நினைத்தவர் நிறுத்திக்கொண்டார். படைக்கலம் இல்லாதவனைக் கொன்றான் என்ற பழி இவனை அடையலாகாதே என்றெண்ணி, எதிர்ப்பவர்போல் அவற்றை ஏந்தியபடியே நின்று வெட்டுண்டார். வஞ்சித்தவனுக்கும் பழி வராமற் காத்த நெஞ்சம் அது!

சிறுவயதில் நாயனாரின் அன்பே என் கண்ணில் தெரிந்தது. இப்போது மற்றொன்றும் தெரிகின்றது. அதிசூரன் கேட்டது ஆளில்லாத இடம். வஞ்சகத்துக்கு வேண்டியது அதுவே. அங்கே நடந்ததை உலகறியச் செய்தவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே அவர் பாடியிராவிடில், வென்றவன் அதிசூரன் என்றல்லவா முடிந்திருக்கும்?

மறைக்காத பெருமை

கிரேக்கர் செய்ததும் அதுவே. பிழை செய்தோரிடம் அறவிட்ட தண்டப் பணத்திலே சீயுஸ் தெய்வத்துக்கு வெண்கலச் சிலைகள் வார்த்தனர். அவற்றை நிறுத்திய இடம் கோயிலின் மூலையன்று. போட்டித் திடலுக்குள் நுழையும் வழியோரம். பணத்தால் அன்று, கால் விரைவாலும் உடல் வலியாலுமே ஒலிம்பியாவில் வெல்லவேண்டுமென்ற கருத்து முதற் சிலைகளுள் ஒன்றிலே பொறிக்கப்பட்டது. களம் புகும் ஒவ்வொரு வீரனும் அச்சிலைகளைக் கடந்தே செல்லவேண்டும். சிலைகள் அழிந்தன, பதினாறு பீடங்கள் இன்றும் உள்ளன.

இதனை எழுதும்போது என் நெஞ்சு என்னையே சுடுகின்றது. எனக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அஞ்சலோட்டத்திலே எங்கள் அணி வென்றது. நால்வருள் ஒருவன் வேறொரு மாணவனின் பெயரிலே ஓடினான்; அவனுக்கு வயது கடந்திருந்தது. அது எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஓடி, கோலை அவன் கையிலே கொடுத்தவன் நானே. இரண்டாவதாக வந்த அணியிலே கடைசியாக ஓடியவன் சப்பாத்தில்லாமல் ஓடினான். அவன் அழுதுகொண்டு போனதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. வருவோரெல்லாம் பாராட்டுகின்றனர்.

நம்மைப்போன்ற சங்கங்களின் ஆண்டு மலர்கள் வென்றோர் பெயரையும் படத்தையுமே தாங்கி வருகின்றன. நம் விளையாட்டு விழாவின் குறிப்பேட்டிலே இனி ஒரு பக்கம் ஒதுக்குவோம். எழுந்த பிணக்கு எது, நடுவர் கொடுத்த தீர்ப்பு எது, பின்னர் தெரிந்த உண்மை எது என்பன அதிலே எழுதப்படட்டும். ஒலிம்பியாவிலே பெயரையும் பொறித்தார்கள். ஊர் சிறிது, ஓர் இளைஞனின் பெயர் ஒருமுறை கெட்டால் மீள்வது கடினம். ஆகவே செயலை எழுதுவோம், பெயரை விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு களம் இறங்குவோர் அப்பக்கத்தைப் படித்துவிட்டு இறங்கட்டும்.

பெரியோர்களே, உங்கள் காலத்திலும் பிழை நடந்திருக்கும். அவற்றையும் எங்களுக்குச் சொல்லுங்கள். வெற்றிக் கதைகளைக் கேட்டு மகிழ்ந்தோம். தவறிய கதைகளைக் கேட்டால் திருந்துவோம். இளைஞர்காள், அப்பக்கத்தின் முதல் வரியாக என் அஞ்சலோட்டம் இருக்கட்டும். பிறர் பெயரை விடுவோம் என்றேன்; என் பெயர் இக்கட்டுரையோடே இருக்கின்றது.