நிலவேம்பின் வேரும் குடிநீரும்: ஒரு மலேரியா ஆய்வின் அளவுக் கணக்கு

குற்றால மலையடிவாரத்து மூலிகைகளைப் பட்டியலிடும் கட்டுரைகளில் நிலவேம்பின் பெயர் வந்ததும், அது மலேரியாக் கிருமியை அழிப்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியாகிவிட்டது என்ற வரியும் பெரும்பாலும் உடன் வந்துவிடுகிறது. அங்கிருந்து, தென்காசி வட்டாரத்தில் காய்ச்சலுக்குக் காய்ச்சித் தரும் நிலவேம்புக் குடிநீருக்கும் அறிவியல் சான்று கிடைத்துவிட்டதாகக் கொள்ளும் போக்கு வளர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது முடிவை ஏற்க இயலவில்லை.

சான்றாகக் காட்டப்படுவனவற்றுள் வலுவானது 2004-இல் வெளியான ஓர் ஆய்வு. நிலவேம்பின் வேரிலிருந்து பிரித்தெடுத்த சாந்தோன் வகைச் சேர்மம் ஒன்று, பிளாஸ்மோடியம் பெர்கெய் என்ற மலேரியாக் கிருமி தொற்றிய எலிகளில், கிலோவுக்கு 30 மி.கி. அளவில் கொடுத்தபோது ஒட்டுண்ணிகளை 62 விழுக்காடு குறைத்தது. ஆய்வில் குறை காண ஒன்றுமில்லை. அது சோதித்தது வேரிலிருந்து வந்த ஒற்றைத் தூய சேர்மத்தை. குடிநீர் அந்தச் சோதனைக்கு உட்படவே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான மாற்றுமுறைப்படி, எலிக்குரிய 30 மி.கி. மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 2.4 மி.கி. ஆகும், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 146 மி.கி. குடிநீர்ச் சூரணம் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பதும் சம எடையில் சேர்ந்தது. ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணத்தை 200 மி.லி. நீரிலிட்டு 50 மி.லி.யாக வற்றக் காய்ச்சினால், அதற்குள் இறங்கும் நிலவேம்பு 0.56 கிராம்தான். அதில் 146 மி.கி. சாந்தோன் இருக்கவேண்டுமானால் உலர்ந்த செடியின் எடையில் கால்பங்குக்கு மேல் அந்தச் சேர்மமாகவே இருக்கவேண்டும். இருவேளை குடித்தாலும் எட்டில் ஒரு பங்கு. அதுவும் சமூலமாக, அதாவது வேரோடு முழுதாகச் சேர்க்கும் செடியில் வேரின் பங்கு சிறிது. சர்க்கரை ஒட்டாத சாந்தோன்கள் நீரில் அரிதாகவே கரையும். எலி-மனித மாற்றுமுறை கரடுமுரடானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து மடங்கு பிசகியிருந்தாலும் கணக்கு அந்தக் கட்டுரைகளுக்குச் சாதகமாகத் திரும்பாது.

ஒன்பது சரக்குகளும் ஒன்றுக்கொன்று துணைநின்று வேலை செய்கின்றன என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். அப்படியானால் சோதிக்கவேண்டியது குடிநீரைத்தானே! வேரின் சாந்தோனை மேற்கோள் காட்டுவது அந்த வாதத்துக்கே பொருந்தவில்லை.

சீனத்துத் தூ யூயூவின் பெயரும் இங்கே தவறாமல் எழும். மரபு நூல் ஒன்றிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழி பிறந்தது, 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நூலை எழுதிய நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் ஆர்ட்டெமிசியாச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னாரே தவிரக் காய்ச்சச் சொல்லவில்லை. அந்தச் செய்முறையைக் கவனித்ததால்தான் தூ யூயூ சூட்டைத் தவிர்த்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார். 1971-இல் வெற்றி கண்டார். செய்முறையை அவர் மதித்த அளவுக்கு நம் ஆய்வாளர்கள் மதிப்பதில்லை என்பதே என் குறை. செடி, கரைப்பான், கிருமி என்ற மூன்றையும் எழுதுகிறார்கள். வைத்தியர் எவ்வளவு நீரில், எவ்வளவாக வற்றக் காய்ச்சினார் என்பது விடுபட்டுப்போகிறது. அதே ஆர்ட்டெமிசியாவைத் தேநீராகக் குடிப்பதைக்கூட உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஆதரிக்க மறுத்தது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி தென்காசிக்குத் தொலைவில் இல்லை. அங்கே முறைப்படி காய்ச்சிய குடிநீரை உறைகுளிரில் உலர்த்தி, பால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியில் குளோரோகுயின் மருந்துக்குக் கட்டுப்படும் வகையிலும் கட்டுப்படாத வகையிலும் ஒரே அளவு வரிசையில் சோதித்து, பலன் இல்லை என்று வந்தாலும் வெளியிடவேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை, பால்சிபாரம் உறுதியான நோயாளிக்கு ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்துக்குப் பதிலாகக் குடிநீரைப் பரிந்துரைக்க எந்த ஆதாரமும் இல்லை.