'ரீட்' என்னும் ஆங்கில வினைச்சொல்

ஒரு மொழியில் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களே பெரும்பாலும் நீண்ட வரலாறு உடையவை. வழக்கின் மிகுதியால் அவற்றின் பழம்பொருள் மறைந்துபோக, பிற்காலப் பொருள் மட்டுமே கண்ணுக்குப் புலனாகின்றது. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் ஏட்டிலேயே சந்திக்கும் 'ரீட்' என்னும் வினைச்சொல் அத்தகையது. ஆர், ஈ, ஏ, டீ என்னும் நான்கு எழுத்துகளால் ஆன அச்சொல்லுக்குப் 'படி' என்றும் 'வாசி' என்றும் தமிழில் பொருள் கூறுவர். ஆயின், அச்சொல் பிறந்த காலத்தில் அதற்கு ஏட்டோடும் எழுத்தோடும் தொடர்பு இருந்ததில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் 'ரீட்' பல பொருள்களில் வழங்குகின்றது. நூலைப் படித்தல் அவற்றுள் முதன்மையானது. கைரேகை பார்த்தலும், பிறர் உள்ளக் குறிப்பை அறிதலும், வானத்தின் நிலை கண்டு மழை வருமா எனக் கணித்தலும் இச்சொல்லாலேயே குறிக்கப்பெறும். வெப்பமானி இத்தனை பாகை காட்டுகிறது என்பதற்கும் இதுவே சொல். பிரித்தானிய வழக்கில், பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில்வதைச் 'சட்டம் ரீட் செய்தல்' என்பர். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவின் முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு என்பனவும் இவ்வழி வந்தவையே. எழுத்தே இல்லாத கைக்கும் முகத்துக்கும் வானத்துக்கும் இச்சொல் எவ்வாறு பொருந்திற்று? விடை அதன் பிறப்பில் உள்ளது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'ரேடன்' என்பதாகும். அறிவுரை கூறுதல், கருதுதல், புதிரை விடுவித்தல் என்பன அதன் பொருள்கள். 'ரேட்' என்னும் பெயர்ச்சொல் அறிவுரையைக் குறித்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியாகிய ஜெர்மனில் 'ராட்டன்' என்னும் வினை இன்றும் அறிவுரை கூறுதலையும் ஊகித்தலையும் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' என்னும் சொல்லும் இதே வேரில் முளைத்ததே. எனவே, படித்தலும் விடுகதையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். எழுதிய குறிகளைக் கண்டு அவற்றின் பொருளை அறிவதும் ஒருவகைப் புதிர் விடுவித்தலே என்று பழைய ஆங்கிலேயர் கருதினர் போலும்.

பிற ஐரோப்பிய மொழிகள் வேறு வழி சென்றன. இலத்தீனில் படித்தலைக் குறிக்கும் 'லெகெரே' என்னும் சொல்லுக்குப் 'பொறுக்குதல்', 'திரட்டுதல்' என்பனவும் பொருளாம். ஜெர்மன் மொழியின் 'லேசன்' படித்தலையும் குறிக்கும். திராட்சைக் கனிகளைப் பறித்துச் சேர்த்தலையும் குறிக்கும். அங்கே படிப்பவர் எழுத்துகளைத் திரட்டுகிறார். ஆங்கிலத்திலோ அவர் புதிரை அவிழ்க்கிறார்.

ஆங்கிலேயர் விடுகதையில் கொண்டிருந்த ஈடுபாட்டிற்குச் சான்றாக எக்செட்டர் பேராலயத்தில் ஒரு கையெழுத்துச் சுவடி உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பெற்ற அதனை, 1072இல் மறைந்த ஆயர் லியோஃப்ரிக் அவ்வாலயத்திற்கு அளித்தார். அதில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஏட்டை அரிக்கும் புழுவைப் பற்றியது. சொற்களையெல்லாம் விழுங்கியும் அப்புழு சிறிதும் அறிவு பெறவில்லை என்பது அதன் கருத்து. ஏட்டை உட்கொள்வது வேறு, ஏட்டின் பொருளை உணர்வது வேறு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் நகைச்சுவையோடு உணர்த்தியுள்ளனர்.

இச்சொல்லின் பழம்பொருள் மறைந்ததால் ஒரு மன்னரின் பெயரே திரிந்தது. 978ஆம் ஆண்டில் அரியணை ஏறி, இடையில் நாட்டைவிட்டு ஓடி மீண்டு, 1016இல் மறைந்த மன்னர் எதல்ரெட். டேனியப் படையெடுப்பைத் தடுக்க இயலாது, 991இல் பெருந்தொகையை வெள்ளியாகக் கொடுத்து அமைதியை வாங்கிய காலம் அவருடையது. 'எதல்ரெட்' என்பதற்கு 'மேன்மையான அறிவுரை' என்பது பொருள். அதனை எள்ளிப் பிற்காலத்தார் 'உன்ரேட்' என்று அடைமொழி சூட்டினர்; 'நல்லறிவுரை அற்றவர்' என்பது கருத்து. 'ரேட்' என்னும் சொல் வழக்கொழிந்தபின் அவ்வடைமொழி 'அன்ரெடி' எனத் திரிந்து, 'ஆயத்தமில்லாத எதல்ரெட்' என்றே பலராலும் கொள்ளப்படுகிறது. ஆயத்தத்தைக் குறிக்கும் 'ரெடி' என்பது வேறு வேரினின்று வந்த சொல். படித்தலைக் குறிக்கும் சொல்லின் இனமே பிழையாகப் படிக்கப்பட்டது வியப்பிற்குரியது.

இனி, இந்நான்கு எழுத்துகளையும் இடம் மாற்றிப் பார்ப்போர் உண்டு. நான்கு வேறு எழுத்துகளை 24 வகையாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் அன்றாட வழக்கிலுள்ள சொற்கள் மூன்றே: படித்தலைக் குறிக்கும் 'ரீட்', அன்பிற்குரியதைக் குறிக்கும் 'டியர்', துணிதலைக் குறிக்கும் 'டேர்'. எழுத்துகள் ஒன்றாயினும் இம்மூன்றிற்கும் பிறப்பால் உறவில்லை. மாறாக, எழுத்தால் வேறுபட்ட 'ரிடில்' இதற்கு உடன்பிறப்பு. எழுத்து ஒப்புமை உறவாகாது என்பது சொல்லாராய்ச்சியின் முதற்பாடம்.

எழுத்து மாற்றத்தை நம்பி ஏமாந்த பேரறிஞரும் உண்டு. 1610ஆம் ஆண்டில் கலிலியோ, தொலைநோக்கி வழியே சனிக்கோள் மூன்று உருவாய்த் தோன்றக் கண்டார். அச்செய்தியை 37 இலத்தீன் எழுத்துகளாகக் கலைத்துப் பிராகு நகருக்கு அனுப்பினார். செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் இருக்கலாம் என்னும் எண்ணம் அங்கிருந்த கெப்ளருக்கு முன்னரே இருந்தது. அவர் அவ்வெழுத்துகளை முயன்று மாற்றியமைத்து, செவ்வாயின் இரட்டைப் பிள்ளைகளை வாழ்த்தும் வாசகமாகக் கண்டார். அவ்வாண்டு இறுதிக்குள் கலிலியோ உண்மையை வெளியிட்டார். சனியின் புதிரும் 1659இல்தான் முழுதும் அவிழ்ந்தது. கலிலியோ கண்டது வளையம் என்பதை ஹைகன்ஸ் அவ்வாண்டு விளக்கினார். 1877இல் செவ்வாய்க்கு மெய்யாகவே இரு துணைக்கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கெப்ளரின் கருத்து உண்மையாயிற்று. ஆயினும் அவர் படித்தது கலிலியோ எழுதியதை அன்று. தம் உள்ளத்தில் இருந்ததையே அவர் அவ்வெழுத்துகளில் கண்டார்.

ஏட்டுப் புழு, எதல்ரெட்டின் அடைமொழி, கெப்ளரின் வாசகம் ஆகிய மூன்றும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. எழுத்தை விழுங்குதல் படிப்பாகாது. பழம்பொருளை மறந்து பழஞ்சொல்லைக் கொள்வதும் படிப்பாகாது. தன் கருத்தைப் பிறர் எழுத்தின்மேல் ஏற்றுவதும் படிப்பாகாது. வகுப்பறையில் பாடத்தைத் தடையின்றி உரக்க வாசிக்கும் மாணவனிடம், "நீ வாசித்ததன் பொருள் என்ன?" என்று ஆசிரியர் கேட்கும்போது, அச்சொல் பிறந்த காலத்துப் பொருளையே அவனிடம் வேண்டுகிறார். அவ்வினாவிற்கு அவன் தன் சொற்களில் விடை கூறும் பொழுதுதான் புதிர் அவிழ்கிறது, படிப்பும் தொடங்குகிறது.