மகரக்கட்டும் மைனர் ஒப்பந்தமும்

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஐந்து நாள் நாடகப் பட்டறை நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். முதல் நாள் வசனமே கிடையாது. மரமாக நில், காற்றடிக்கிறது, இப்போது வெட்டுகிறார்கள் என்றெல்லாம் சொல்வார், நாங்கள் செய்ய வேண்டும். ஐந்தாம் நாள் நாங்களே ஒரு கதை கட்டினோம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் ஒரு தெரு, அவ்வளவுதான் கதை. எனக்கு லாரி டிரைவர் வேஷம். ஒரு பாட்டும் உண்டு. ஆண்டு விழாவில் இதையே போடலாம் என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குத் தொண்டை உடைந்தது. பாட்டு வேறு பையனுக்குப் போனது, அதோடு லாரியும் போனது. நான் திரை இழுத்தேன். (நன்றாகவே இழுத்தேன் என்று வீட்டில் சொன்னார்கள் :-))

அந்தத் தொண்டை உடைவதற்குப் பழைய நாடகக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மகரக்கட்டு. கல்லூரிக்கு வந்த பிறகுதான் இந்த வார்த்தை என் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் பாய்ஸ் கம்பெனிகளின் கதை கிடைத்தது. எனக்குப் போனது ஒரு பாட்டு. அந்தப் பையன்களுக்குச் சோறே போயிருக்கும்.

கதையைச் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து தொடங்க வேண்டும். 1867-ல் பிறந்தவர், தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று இன்றும் சொல்கிறோம். அவர் காலத்து நாடகத்தில் பெரிய நடிகர்கள் எழுதிக்கொடுத்ததைப் பேச மாட்டார்கள். மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கி வாதம் செய்வார்கள், வள்ளியும் வேடனும் விடிய விடியச் சண்டை போடுவார்கள். இவர்களைக் கட்டி மேய்க்க முடியாது, சொன்னதைச் சொன்னபடி செய்யப் பையன்கள்தான் சரி என்று ஒரு எண்ணம் வந்தது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர் வைத்து, முழுக்கச் சிறுவர்களைக் கொண்டே சுவாமிகள் ஒரு கம்பெனி தொடங்கினார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாமே பையன்கள்.

அதில் சேர்ந்த ஒரு பையனுக்கு வயது ஆறு. அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் கட்டும் நடிகர். அந்தப் பையன்தான் பிற்பாடு ஔவை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகம். (கமல்ஹாசன் சின்ன வயதில் இவருடைய குழுவில் நடித்தவர். 1996-ல் வந்த ‘அவ்வை சண்முகி’யின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?) இந்தப் பையனுக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார். சண்முகமே தன் ‘எனது நாடக வாழ்க்கை’யில் பதிவு செய்திருக்கும் விஷயம் இது. ஒரு சின்னப் பையனின் குரலையும் உயரத்தையும் மனசில் வைத்து ஒரு மேதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுகிறார். இன்று எந்தப் பள்ளியில் எந்தப் பையனுக்கு இது கிடைக்கும்? இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

1922-ல் சுவாமிகள் இறந்தார். 1925-ல் சண்முகமும் அண்ணன் தம்பிகளும் ‘மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா’ என்று சொந்தக் கம்பெனி வைத்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்றால் இவர்கள்தான். நம்ம ஊர் கதைக்குள் வருவதும் இங்கேதான். சிங்காநல்லூரில் 1913-ல் பிறந்த எஸ்.வி. சகஸ்ரநாமம் பள்ளிப் பையனாக இருக்கும்போதே படிப்பை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். ‘பராசக்தி’யில் நீதிபதி அண்ணனாக வருவாரே, அவர்தான். தினமும் சிங்காநல்லூர் வழியாகத்தான் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறேன், இது எனக்குத் தெரியாது. என் அப்புச்சியிடம் சொன்னேன். “அந்தக் காலத்துல பையன் நாடகத்துக்குப் போயிட்டான்னா, கெட்டுப் போயிட்டான்னு அர்த்தம் கண்ணு” என்றார்.

கெட்டுப் போனார்களா? விடிகாலை எழுந்து குரல் சாதகம், பிறகு வசனப் பாடம், பாட்டு, ஆட்டம், ராத்திரி நாடகம். மாதக்கணக்கில் ஒரு ஊர், பிறகு அடுத்த ஊர். சொல்லிக்கொடுப்பவர் பெயர் வாத்தியார், தப்பு செய்தால் அடி. எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வீட்டுப் பசியால். சிவாஜி கணேசன் தான் ஒரு அநாதை என்று பொய் சொல்லித்தான் கம்பெனியில் சேர்ந்தார். அம்மா அப்பா இருக்கும் பையன் அநாதை என்று சொல்லிச் சேர்கிறான் என்றால், அந்த மேடை எப்படி இழுத்திருக்க வேண்டும்!

பாய்ஸ் கம்பெனியில் ‘பாய்ஸ்’ பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் காமர்ஸ் மாணவன், எனக்குக் ‘கம்பெனி’தான் கண்ணில் படுகிறது. முதலாளி செலவு செய்து ஒரு பையனுக்கு இரண்டு வருஷம் பாட்டு கற்றுத்தருகிறார். அவன் பாடினால்தான் டிக்கெட். எனவே பையன் நடுவில் ஓடிவிடக் கூடாது. எனவே பெற்றோரிடம் ஒப்பந்தம், சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு. முதலாளியின் கணக்கில் பையன் ஒரு இயந்திரம், தேய்மானம் போட வேண்டிய சொத்து. மகரக்கட்டு வரும் நாளில் அந்தச் சொத்தின் மதிப்பு பூஜ்யம். மறுபடி குரல் பிடிபடும்வரை சின்ன வேஷம், எடுபிடி வேலை, அல்லது வீட்டுக்கு டிக்கெட். அவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுத்ததற்கும், அவ்வளவு சுலபமாகக் கைவிட்டதற்கும் காரணம் ஒன்றேதான், அது வியாபாரம்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் சிறுவர்கள் மட்டுமே நடித்த குழு ஒன்று இருந்தது. அரசியின் தேவாலயத்தில் பாடுவதற்காகப் பையன்களைப் பிடித்துவர அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதைக் காட்டி, 1600 டிசம்பரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பையனை நடிக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஹென்றி கிளிஃப்டன் வசதியானவர், மகனை மீட்டார், வழக்கும் போட்டார். வசதியில்லாத அப்பாக்கள் என்ன செய்தார்கள் என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை.

நம்ம சட்டம் என்ன சொன்னது? 1903-ல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில், மைனர் போடும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றது. 1933-ல் வந்த ஒரு சட்டம், பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உழைப்பை அடமானம் வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. நியாயமான கூலி கொடுத்து, ஒரு வார நோட்டீஸில் விலகலாம் என்றிருந்தால் மட்டும் விலக்கு. படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கம் திருப்பினால் ராஜ்ராணி வழக்கு, பம்பாய் உயர்நீதிமன்றம், 1949. மைனர் பெண் ஒருத்தியை நடிக்க வைப்பதாக அவள் அப்பாவோடு பிரேம் அதீப் என்ற தயாரிப்பாளர் ஒப்பந்தம் போடுகிறார். பிறகு அந்த வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். பெண் நஷ்டஈடு கேட்கிறாள். நீ மைனர், உன் வாக்குறுதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, ஒப்பந்தமே இல்லை, நஷ்டஈடும் இல்லை என்று தீர்ப்பு. பிள்ளையைக் காப்பாற்ற வந்த சட்டம் அந்தப் பிள்ளைக்கே கைகொடுக்கவில்லை. திரை இழுத்தவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பு மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது.

பாய்ஸ் கம்பெனிகளைச் சட்டம் மூடவில்லை. 1931-ல் பேசும் படம் வந்தது, கம்பெனிகள் மெல்ல மெல்லத் தேய்ந்தன, பையன்கள் சினிமாவுக்குப் போனார்கள். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) எடுக்கப்பட்டது கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில், அதே சிங்காநல்லூரில்!

பட்டறை என்ற வடிவம் நமக்கு வந்தது வேறு வழியில். 1977-ல் காந்திகிராமத்தில் எஸ். ராமானுஜம் நடத்திய நாடகப் பயிலரங்கு பெரிய திருப்பம். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், குழந்தைகள் நாடகத்தில் தனி ஈடுபாடு கொண்டவர். அங்கே போன மு. ராமசாமி மறுவருஷமே மதுரையில் நிஜ நாடக இயக்கம் தொடங்கினார். 1989-ல் தேசிய நாடகப் பள்ளியே கல்விக்கான நாடகக் குழு ஒன்றை ஆரம்பித்தது. இவர்களுடைய பட்டறையில் குழந்தை டிக்கெட் விற்க வேண்டியதில்லை, குரல் உடைந்தாலும் பரவாயில்லை, மரமாக நிற்கலாம். இதுதான் சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஐந்து நாள்! கம்பெனிப் பையனுக்கு வருஷக்கணக்கில் கிடைத்ததை ஐந்து நாளில் தொட்டுக்காட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆறாம் நாள் ஆண்டு விழா அவசரத்தில் பழைய கம்பெனிக் கணக்கு திரும்ப வருகிறது: நன்றாகப் பாடுகிறவன் யார்? அடியும் ஒப்பந்தமும் போனது நல்லது. ஆனால் அதோடு வாத்தியாரும் போய்விட்டார்.

இப்போது 2017 விதிகளின்படி, நடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். சினிமா, சீரியல் பிள்ளைகளுக்கு உதவும். ஆண்டு விழாவில் திரை இழுப்பவனைப் பற்றி விதி எதுவும் இல்லை.

அடுத்த வாரம் எனக்கு பிசினஸ் லா அரியர் பரீட்சை. ராஜ்ராணி வழக்கு கட்டாயம் வரும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வந்தால் பதினைந்து மார்க்குக்கும் எழுதுவேன்.