உண்ணாமையும் உடற்காயமும்

லுக்குட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ராஜா ஜூமாட் 1847இல் குன்றின்மேல் எழுப்பிய கோட்டையையும், ஈயச் சுரங்கங்களையும், 1880இல் அவ்வூர் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்கிற்குக் கைமாறியதையும் கூறி நிறுத்திவிடுவர். பின்னர் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் எழுந்ததும், பால் வெட்டத் தமிழர் வந்து சேர்ந்ததும் இரண்டு வரி பெற்றால் அதுவே அதிகம். அத்தமிழருடைய வயிற்றின் சரித்திரமோ ஏட்டில் ஏறவே இல்லை.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. ஆடவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். அந்நாட்களைக் கண்டவர்களும் அவர்கள் வாய்மொழி கேட்டு வளர்ந்தவர்களுமே நம் பாட்டன் பாட்டியர். பசியைப் பிணியென்றே பெயரிட்டது மணிமேகலை. ஆனால் அது இல்லாமையால் வரும் பசி. பானையில் சோறிருக்க, பதினான்கு வயதுப் பெண் அதை வேண்டாமென்று தள்ளுவதற்கு நம்மிடம் பெயரில்லை. ஆதலின் கொழுப்பென்கிறோம், பிடிவாதமென்கிறோம், காற்றுக் கருப்பென்று பூசாரியை அழைக்கிறோம். அதே பெண்ணின் முன்கையில் கீறல்கள் இருந்தால், அவை நீண்ட சட்டைக் கையினுள் மறைந்து கிடக்கின்றன. தாய் காண்பது தட்டை. ஆசிரியை காண்பது கையை. இரண்டும் ஒரே துன்பத்தின் இரு முகங்களாக இருக்கலாம் என்பதை இருவருமே அறியார்.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு சம்பவம், லுக்குட் மக்கள் கிழங்கு தின்றுகொண்டிருந்த அதே 1945ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், போரிட மறுத்த 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்துடனேயே, ஆறு மாத காலம் அரைவயிற்று உணவில் வைத்துச் சோதித்தார். யுத்தத்தில் பட்டினி கிடந்தோரை மீட்கும் வழி காண்பதே நோக்கம். வாலிபர்கள் அனைவரும் தேகமும் மனமும் நன்கு பரிசோதிக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததும் அவர்கள் குணமே மாறிற்று. சிரிப்பு போயிற்று, நண்பரை வெறுத்தனர், நாள் முழுதும் உணவைப் பற்றியே எண்ணினர், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். சோதனையின் பிற்பகுதியில் அவர்களுள் ஒருவர் தம் கை விரல்கள் மூன்றைத் தாமே துண்டித்துக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரா, கை தவறிற்றா என்பதைத் தம்மாலேயே நிச்சயித்துச் சொல்ல முடியவில்லை என்று பிற்காலத்தில் கூறினார்.

பித்தம் பிடித்த மனிதரல்லர் அவர். பட்டினியே மனத்தை அந்நிலைக்குக் கொண்டு சென்றது. அப்படியிருக்க, ஏற்கெனவே கலங்கிய நெஞ்சோடு உணவைக் குறைக்கத் தொடங்கும் சிறுமியின் கதி யாதாகும்?

உண்ணா நோய்க்கு 1873இல் லண்டனில் 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்று பெயரிட்டவர் வில்லியம் கல் என்னும் வைத்தியர். அதே ஆண்டில் பாரிசில் லாசேக் என்பவரும் இதையே விவரித்தார். பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். பொருத்தமற்ற பெயரென்றே சொல்லவேண்டும். அப்பிள்ளைகளுக்குப் பசியுண்டு, அதை அடக்குவதில்தான் அவர்கள் வெற்றி காண்கின்றனர்.

பெயர் பிறக்குமுன் இதைப் புனிதமென்றனர். இத்தாலியில் 1347இல் பிறந்த சியன்னா கத்தரீன், விவாகத்திற்கு வற்புறுத்தப்பட்ட இளவயதிலேயே உணவைக் குறைத்தாள், சங்கிலியால் தன் உடலை அடித்துக்கொண்டாள், 33 வயதில் மாண்டாள், 1461இல் புனிதவதியாக்கப்பட்டாள். இதனை நோயென்றே கொள்ளலாமென 1985இல் ருடால்ப் பெல் எழுதினார். அக்காலத்துப் பெண்ணுக்கு இக்காலத்து நோயின் பெயரைச் சூட்டலாகாதென்று மறுத்தாரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயமுண்டு. விரதத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும் ஒரு சிறுமி வேளைக்கு வேளை உணவை விடுவதைப் பக்தியென்று மெச்சி, காரணம் கேளாதிருக்கும் பெரியோர் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

வெள்ளைத் துரைமாரின் சீமையில், அரண்மனையிலேயே இந்நோய் இருந்ததை 1995இல் உலகமே கேட்டது. இளவரசி டயானா தொலைக்காட்சியில் தோன்றி, அளவின்றி உண்டு வாந்தியெடுக்கும் நோய் தமக்கிருந்ததையும், கைகால்களைத் தாமே காயப்படுத்திக்கொண்டதையும் தம் வாயாலேயே கூறினார். 2016இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உணவு நோயுற்றோரில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் எப்போதேனும் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர் என்று கண்டனர். இது மேல்நாட்டு நோய், நமக்கில்லை என்பாரும் உளர். இந்தியாவில் இந்நோய்கள் தோன்றிவருவதைச் சென்னை மனநோய் வைத்தியர்கள் 1990களிலேயே எழுதிவிட்டனர்.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன? சொல்லில் அடங்காத வேதனையைக் காயம் சற்று நேரம் மறக்கச் செய்கிறது. வெறும் வயிறும் அவ்வாறே உணர்ச்சியை மரக்கச் செய்கிறது. இரண்டிலும் தன்னைத் தண்டிக்கும் எண்ணமும், ஒளிக்கும் வெட்கமும் உண்டு. ஆதலின் ஒன்றை மிரட்டித் தடுத்தால் மற்றொன்று வளரக்கூடும். தட்டின் முன் உட்காரவைத்து அடித்து ஊட்டும் தகப்பன் இதை அறியவேண்டும்.

காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாக விரும்புபவரல்லர். எனினும் நாளடைவில் உயிருக்கு ஆபத்து மிகுகிறது. மலேசியாவிலோ தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை விதித்திருந்தது. போலீசுக்கு அஞ்சி, கட்டுப்போடவும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் நிலை இதனால் ஏற்பட்டது. அப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. லுக்குட்டிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரி தூரமன்று. அங்கே மனநோய்ப் பகுதியுண்டு. சுகாதார அமைச்சு ஏற்படுத்திய 15555 என்னும் தொலைபேசி எண்ணில், பிள்ளையும் பேசலாம், தாயும் பேசலாம்.