செட்டிநாட்டு வளவும் விசேஷ அடுப்பும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி எனச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதியே செட்டிநாடு. நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை இங்கே கட்டிய பெரிய வீடுகள், ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் திறப்பவை. இவற்றைப் பற்றிப் பேசுவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு இடம் எதற்கு என்பதற்கான விடை அந்த வீடுகளின் சமையல் ஏற்பாட்டில் கிடைக்கிறது.

பணம் வந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதி முகத்துவாரத்துக் காட்டை வெட்டி வயலாக்கிய உழவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் முன்பணம் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் அவன் வீட்டு வாசலுக்குப் போகவில்லை, செட்டியார் கடை போனது. இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களிலும் இதே தொழில் நடந்தது. ஆண்கள் தவணைக்கு மூன்றாண்டு போல வெளியூர்க் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஊரிலேயே இருந்தார்கள். ஆகவே சம்பாதித்த இடத்தில் வீடு எழும்பவில்லை. மழை குறைந்த, வானம் பார்த்த இந்தப் பூமியில் எழும்பியது.

வீட்டின் அமைப்பு நீளவாக்கில் கட்டுகளாகப் பிரிந்தது. தெருவை ஒட்டி முகப்பும் திண்ணையும். அங்கேதான் கணக்கு, வழக்கு, ஆண்களின் பேச்சு. கஜலட்சுமி செதுக்கிய கனத்த நிலையைத் தாண்டினால் வளவு: நடுவில் வானத்துக்குத் திறந்த வாசல், நான்கு புறமும் தூண் வரிசையோடு சுற்றுக்கட்டு, அதன் ஓரமாகச் சிறிய அறைகள். அடுத்த கட்டில் பந்தி போடும் நீண்ட கூடங்கள். அதற்கும் பின்னால் அடுப்படி, ஆட்டுக்கல், அம்மி, உரல், கிணறு. கூரைநீர் வாசலில் இறங்கி, அண்டாக்களிலும் தொட்டிகளிலும் பிடித்தது போக மிச்சம் ஊருணியை நோக்கி ஓடும். அறைகள் இருட்டாகவும் சிறிதாகவும் இருப்பது பார்க்க வருவோரை வியக்க வைக்கும். அவை மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக ஒதுக்கிய அறைகள். உடைமைகளைப் பூட்டி வைக்கத்தான் பெரிதும் பயன்பட்டன. வாழ்ந்தது, படுத்தது, பேசியதெல்லாம் சுற்றுக்கட்டில்.

ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்று எண்ணுவது நகரத்தார் கணக்கு. கோயில் வரியும் ஊர்ப் பொதுச்செலவும் புள்ளிக் கணக்கில்தான் பிரியும். மகனுக்கு மணமாகிச் சில காலம் ஆனதும் அவனையும் மனைவியையும் அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டச் செய்வார்கள். இதற்கு வேறு வைத்தல் என்று பெயர். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுக்க, அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதியிலும் இந்த வழக்கம் பதிவாகியுள்ளது. ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு அடுப்பு எரிவது பிரிவினைக்கு அடையாளமாக எண்ணப்படவில்லை. சிக்கனத்துக்கான பயிற்சியாகவே எண்ணப்பட்டது. லட்சங்களில் வட்டிக்கடை நடத்திய வீட்டில் அன்றாடச் சமையல் எளிமையானது. அரிசி களைந்த மண்டியில் வெண்டைக்காயும் மொச்சையும் சேர்த்துக் காய்ச்சும் மண்டி, கழுநீரைக்கூட வீணாக்காத இந்த மனப்போக்கின் பண்டம். இன்று உணவகப் பலகைகளில் "செட்டிநாடு" என்றால் மிளகுக் கோழி என்று ஆகிவிட்டது; அந்த ஊர் வீடுகளின் வழக்கச் சாப்பாட்டில் கறி அடிக்கடி இடம்பெற்றதில்லை.

அளந்து செலவு செய்த இந்த வீடு விசேஷ நாளில் வேறு முகம் காட்டும். திருமணம் சத்திரத்தில் நடக்காது. பங்காளிகள் கூடி, சொந்த வளவில் நடத்துவார்கள். பின்கட்டில் கோட்டை அடுப்பு மூட்டி, தனித்தனி அடுப்புகளை அணைத்துப் பொதுச் சமையல் தொடங்கும். இரண்டாம் கட்டுக் கூடங்களின் நீளம் அப்போதுதான் அர்த்தம் பெறும்: வாழை இலை விரித்தால் ஒரு பந்தியில் பல நூறு பேர் உட்காரலாம்.

பண்டிகை வேலை நாட்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, சலித்து மாவாக்க வேண்டும். பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு படி பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது அளவு. தராசு தேவையில்லாத இந்த முறையில் பாத்திரம் எவ்வளவு பெரிதானாலும் விகிதம் மாறாது. மாவை ஒரு கரண்டியாக ஊற்றி ஒவ்வொன்றாகத்தான் பொரிக்க முடியும் என்பதால் கூட்டத்துக்குச் செய்ய நாள் முழுதும் அடுப்பருகே ஒருவர் வேண்டும். அரிசியோடு பல பருப்பும் வெல்லமும் சேர்ந்த கந்தரப்பம், வறுத்த பாசிப்பருப்பில் நெய்யூற்றிக் கிளறும் உக்காரை, உளுந்து மாவும் கருப்பட்டியும் சேர்ந்த கும்மாயம், தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த சீப்புச் சீடை, வெல்லப்பாகில் புரட்டிய மனகோலம், தேன்குழல், கல்கண்டு வடை என்று வரிசை நீளும். தீபாவளிக்கும் மணத்துக்கும் பெண் வீட்டிலிருந்து போகும் முறைப் பலகாரம் எண்ணிக்கையிலும் வகையிலும் கவனிக்கப்பட்டது. குறைந்தால் பேச்சு வரும். பனையோலைக் கொட்டான்களிலும் அடுக்குத் தூக்குகளிலும் அவை ஊர் விட்டு ஊர் போயின.

வெளிநாட்டுக் கப்பல் கொண்டுவந்தவற்றில் சில நிரந்தரமாக அடுப்படியில் தங்கிவிட்டன. பர்மாவிலிருந்து வந்த கருநிறக் கவுனி அரிசியை ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்த இனிப்பு இல்லாமல் இன்றும் நகரத்தார் மண விருந்து நிறைவடைவதில்லை. ரவையும் வெல்லமும் சேர்ந்த ஒரு பண்டத்துக்கு ரங்கோன் புட்டு என்றே பெயர். அன்னாசிப்பூவும் மசாலாவில் இடம்பிடித்தது. இவற்றைப் பதிவு செய்து வைத்த ஏடுகள் குறைவு; ஆச்சிகளின் கையளவே பெரும்பாலும் ஏடு.

பண்டிகைகளில் பிள்ளையார் நோன்பு வீட்டோடு மிக நெருக்கமானது. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் குடும்பத்தார் அனைவரும் ஓரிடத்தில் கூடுவார்கள். புது வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டையில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயிலிட்டு உண்பது இதன் மையச் சடங்கு. வேறு வைத்த அடுப்புகளுக்குரியவர்கள் அனைவரும் அன்று ஒரே பெரியவர் கையிலிருந்து இழை எடுத்துக்கொள்வார்கள். பொங்கலுக்கும் மணத்துக்கும் அரிசி மாவைக் கரைத்து இடும் நடுவீட்டுக் கோலமும் இத்தகையதே. தெருவாசலில் போடும் கோலத்தைப்போல் யாரும் பார்ப்பதற்கன்று, வீட்டின் உள்ளிடத்துக்கு உரியது.

அலங்காரமும் இந்த நாட்களை மனத்தில் வைத்தே அமைந்தது. சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறு, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு ஆகியவை கலந்து பல அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர், கண்ணாடிபோல் வழவழக்கும். அந்த மேற்பரப்பில் கை பட்டாலும் கறை ஒட்டாது, வெயிலில் சில்லென்றிருக்கும். பெல்ஜியக் கண்ணாடிகளும் தஞ்சாவூர்ப் படங்களும் முன்னோர் புகைப்படங்களும் ரவிவர்மா அச்சுப் படங்களும் தலைக்கு மேலே, கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்து தொங்கின. தரையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் கோணம் அது. நாற்காலி, மேசைகள் முகப்போடு நின்றன. உள்ளே தரைதான் இருக்கை, தரைதான் பந்தி. ஆகவே தரைக்குத் தனிக் கவனம் கிடைத்தது.

முதலில் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஓடுகள் வந்தன. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆத்தங்குடியில் உள்ளூர்க் கைகளே அவற்றைச் செய்யக் கற்றன. சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, தகர அச்சின் தடுப்புகளுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால் தகடு தானாகக் கழன்று, பளபளப்பு ஓட்டில் தங்கிவிடும். சூளை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கால்படக் கால்பட மெருகேறும் என்பது செய்வோரின் சொல். அது பெருமளவு உண்மைதான், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் அதற்குத் துணை.

அலங்காரத்தில் இன்னொரு பகுதி பூட்டிய அறைகளுக்குள் இருந்தது. மகளுக்குக் கொடுக்கும் சாமான்: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், சுவீடன் எனாமல், பர்மா அரக்குப் பெட்டிகள், பீங்கான் ஜாடிகள். மணத்தன்று வளவில் பரப்பி வைத்து எல்லோருக்கும் காட்டப்பட்டபின் அவற்றில் பெரும்பகுதி மீண்டும் அறைக்குள் போகும், அடுத்த விசேஷத்துக்கு வெளியே வரும். பிறந்த வீட்டுச் சாமான் பெண்ணின் தனிச் சொத்தாகவே கருதப்பட்டது.

இந்த ஏற்பாட்டை உடைத்தது பர்மா. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் விரும்பியது ரொக்கம்; கிடைத்ததோ நிலமும் அதோடு வந்த பகையும். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் கடையை விட்டுக் கிளம்பினார்கள். 1948இல் பர்மா நிலத்தை அரசுடைமையாக்கியதும் திரும்பிப் போக எதுவும் இல்லை. ஊரில் வீடுகள் கட்டுவது ஏறக்குறைய அத்தோடு நின்றது.

பெரிய வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும். உரிமையோ தலைமுறை தலைமுறையாகப் பல புள்ளிகளாகப் பிரிந்திருந்தது. விற்கவும் எல்லோர் கையெழுத்தும் தேவை, பழுதுபார்க்கவும் அப்படியே. சம்மதம் கிடைத்த இடங்களில் வீடு பெயர்க்கப்பட்டது. தேக்குத் தூண்களும் நிலைகளும் சாமான்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து சென்னை, பெங்களூரு வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் போயின. வாழ்ந்த வீட்டின் உறுப்பு வேறு வீட்டின் அலங்காரமானது இப்படித்தான். ஒரு கூடத்தைத் தாங்கிய தூண், இன்று எதையும் தாங்காமல் வரவேற்பறை மூலையில் நிற்பது சாதாரணக் காட்சி.

பலகாரத்துக்கும் இதே போக்குத்தான், ஆனால் அதன் பலன் நல்லது. நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களில் நாள்கணக்கில் மாவிடிக்க ஆளில்லாதபோது, காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்கள் சிறு அடுப்படிகளில் பலகாரத்தைத் தொழிலாக்கினார்கள். மனகோலமும் சீப்புச் சீடையும் இப்போது எடைக்குக் கிடைக்கின்றன. வெளிநாட்டுக்கும் பெட்டியில் போகின்றன. ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைகளும் புது வீடுகளின் தேவையால் நிலைத்தன. கொட்டான் முடைதலும் தொண்டு அமைப்பின் முயற்சியில் மீண்டது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி, அவற்றின் பந்திக் கூடங்களில் வாழை இலைச் சாப்பாடு பணத்துக்குப் பரிமாறப்படுகிறது. மற்றவை ஆண்டின் பெரும்பகுதி காவலாள் ஒருவர் பொறுப்பில் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக்கும் திறக்கின்றன. அந்த நாட்களுக்குச் சமையல் குழு வாடகைப் பாத்திரங்களோடு வருகிறது.