குளிக்கிற சிப்பாயைச் சுடலாமா?

முதல் உலகப்போர். பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் கிரேவ்ஸ், பின்னாளில் பெரிய கவிஞர், துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக எதிர்ப்பக்கம் பார்க்கிறார். அங்கே ஒரு ஜெர்மன் சிப்பாய் குளித்துக்கொண்டிருக்கிறான். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. கிரேவ்ஸுக்குச் சுட மனசு வரவில்லை. துப்பாக்கியைப் பக்கத்திலிருந்த சார்ஜன்ட்டிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சார்ஜன்ட் சுட்டுவிட்டார்.

கிரேவ்ஸ் தன் சுயசரிதையில் சொல்கிற இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அவர் ஏன் தயங்கினார் என்று உட்கார்ந்து யோசித்தவர் மைக்கேல் வால்சர். அரசியல் அறிவியல் பேராசிரியர். 1935-ல் நியூயார்க்கில் பிறந்து, பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்கிற இரும்பாலை ஊரில் வளர்ந்தவர். பிரின்ஸ்டனில் நாலு வருஷம், அப்புறம் 1966 முதல் 1980 வரை ஹார்வர்டில் வாத்தியார். அங்கே 1970-71 வாக்கில் ராபர்ட் நோசிக்கோடு சேர்ந்து முதலாளித்துவமும் சோஷலிசமும் என்று ஒரு பாடம் நடத்தினார். நோசிக் ஒரு கட்சி, வால்சர் எதிர்க்கட்சி. அந்த ஒரு வகுப்பிலிருந்து இருவருக்கும் ஆளுக்கொரு முக்கியமான புத்தகம் கிடைத்தது. கொடுத்து வைத்த மாணவர்கள்!

ஆனால் போர் பற்றிய அவருடைய சிந்தனை வகுப்பறையில் ஆரம்பிக்கவில்லை, தெருவில் ஆரம்பித்தது. வியட்நாம் போரை எதிர்த்து வீடு வீடாக ஏறி இறங்கியவர். 1967-ல் ஹார்வர்ட் இருக்கிற கேம்பிரிட்ஜ் ஊரில் இந்தப் போர் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடத்த வைத்தார்கள். சுமார் 40 சதவீதம் வந்தது, தோற்றார்கள். போராட்டத்தில் ‘அநியாயம்’, ‘ஆக்கிரமிப்பு’, ‘அட்டூழியம்’ என்றெல்லாம் கத்துகிறோமே, இந்தச் சொற்களுக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா, இல்லை வெறும் கோபம்தானா? இதை நிதானமாக யோசித்து அவர் எழுதியதுதான் 1977-ல் வந்த ‘நியாயமான, அநியாயமான போர்கள்’. அமெரிக்க ராணுவ அகாதமியான வெஸ்ட் பாயின்ட்டிலேயே அதைப் பாடமாக வைத்தார்கள். போரை எதிர்த்தவரின் புத்தகம்!

தத்துவப் புத்தகம் என்றாலும் முழுக்க வரலாற்றுச் சம்பவங்கள்தான். குளிக்கிற சிப்பாய் விஷயத்தில் அவர் முடிவு: சுடலாம், போர் விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தத் தயக்கம் முக்கியம். எதிரி என்கிற சீருடைக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. சீருடை போட்டு ஆயுதம் தூக்கியதால்தான் அவன் தன் பாதுகாப்பை இழந்தான். அப்படியானால் ஆயுதமே தூக்காதவன் எதையும் இழக்கவில்லை, இல்லையா?

அடுத்த சம்பவம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்கிற சாதாரண சிப்பாயும் அதே போரில் இருந்தவர். பிரெஞ்சுக் கிராமங்களில் நிலவறைகளுக்குள் ஜெர்மானியர்கள் ஒளிந்திருக்கலாம். கதவைத் திறந்து குண்டைப் போட்டுவிட்டுப் போவதுதான் பத்திரம். ரிச்சர்ட்ஸும் கூட இருந்தவரும் முதலில் கத்திக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் பதில் வராமல், குண்டைப் போடப் போகிற நேரத்தில் உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. உள்ளே ஒரு குடும்பமே இருந்தது.

கத்தினால் உள்ளிருக்கும் எதிரி உஷாராகிச் சுடுவான். அந்த ஆபத்தைச் சிப்பாய் ஏற்கத்தான் வேண்டும் என்கிறார் வால்சர். ‘சாகடிக்கணும்னு நினைக்கலை, தெரியாம நடந்துடுச்சு’ என்று சொன்னால் போதாது. பொதுமக்கள் சாகாமல் இருக்க நீ என்ன விலை கொடுத்தாய்? நார்வேயில் வெமார்க் கனநீர் ஆலை இன்னொரு உதாரணம். 1942-ல் கிளைடரில் போன பிரிட்டிஷ் வீரர்கள் 34 பேரும் செத்தார்கள். அப்படியும் விமானக் குண்டுவீச்சுக்குத் தாவாமல், 1943 பிப்ரவரியில் நார்வே கமாண்டோக்களை அனுப்பி வேலையை முடித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க விமானங்கள் அங்கே குண்டு போட்டபோது 20-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் செத்தார்கள்.

இவ்வளவு கறாரான மனுஷர் ஒரு இடத்தில் மட்டும் கதவைத் திறந்து வைக்கிறார். சர்ச்சிலின் சொல்லை எடுத்து அதற்கு ‘உச்ச அவசரநிலை’ என்று பெயர் வைக்கிறார். ஹிட்லர் ஜெயித்தால் எல்லாமே முடிந்தது, பிரிட்டன் தனியாக நிற்கிறது, கையில் இருப்பது குண்டுவீச்சு விமானம் ஒன்றுதான். அந்த நிலையில் ஜெர்மன் நகரங்களின்மேல் குண்டு போட்டதை மன்னிக்கலாம் என்கிறார். 1942-ன் நடுப்பகுதிக்கு அப்புறம் முடியாது, ஏனென்றால் அதற்குள் ரஷ்யாவும் அமெரிக்காவும் போரில் இறங்கியாயிற்று. ஆனால் குண்டுவீச்சு நிற்கவில்லை. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர் செத்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், தற்காலிகமாக ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டால் பிறகு அதை எடுக்க யாருக்கும் கை வராது.

போர் முடிந்ததும் மற்ற பெரிய தளபதிகளுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார்கள், குண்டுவீச்சுப் படைத் தளபதி ஆர்தர் ஹாரிஸை விட்டுவிட்டார்கள். அந்தப் புறக்கணிப்பில் ஒரு அர்த்தம் பார்க்கிறார் வால்சர்: நமக்காகச் செய்த காரியமே ஆனாலும் தப்பு தப்புதான் என்று ஒரு தேசம் ஒதுங்கிக்கொள்கிறது. இங்கே என்னால் அவரோடு போக முடியவில்லை. கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது சர்ச்சிலின் அமைச்சரவை. பறந்துபோய்ச் செத்தது குண்டுவீச்சுப் படையின் 55,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். கை கழுவியவர் தலைவராகவே நிலைக்க, கறை ஒரு தளபதிமேல் மட்டும் ஒட்டினால் அதற்குப் பெயர் தேசத்தின் மனசாட்சியா?

1992-ல் லண்டனில் ஹாரிஸுக்குச் சிலை வைத்தார்கள். ராஜமாதா வந்து திறந்து வைக்கும்போதே கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் கேட்டது. கொஞ்ச நாளில் யாரோ சிலைமேல் சிவப்புப் பெயின்டை ஊற்றிவிட்டுப் போனார்கள்.