நாஞ்சில் நாட்டு ஆவண ஆய்வில் பெரிய மொழி மாதிரிகள்: வடசேரியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வடசேரி, நாஞ்சில் நாடு, கொல்லம் ஆண்டு, முதலியார் ஓலைகள், பெரிய மொழி மாதிரி.

நாகர்கோவிலின் ஒரு பகுதியாகிய வடசேரி இன்று பேருந்து நிலையத்தாலும் கனகமூலம் சந்தையாலும் கோயில் நகைத் தொழிலாலும் அறியப்படுகிறது. வரலாற்று ஆய்வாளர்க்கு அதன் பெயரே ஒரு சோதனை. தஞ்சை மாவட்டத்திலும் வடசேரி உண்டு. 'சேரி' என்ற சொல்லும் எளிதானதன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் கம்மாணச்சேரியையும் பறைச்சேரியையும் ஒருங்கே குறிப்பிடுகின்றன. அங்குச் சேரி என்பது குடியிருப்புப் பகுதி என்ற அளவிலேயே நிற்கிறது. இக்கால உரைநடையை மிகுதியாகக் கொண்டு பயிற்றப்பட்ட மொழி மாதிரி இவ்வேறுபாட்டைத் தானே உணரும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்தகைய மாதிரிகள் ஆய்வுலகில் நுழைந்த வரலாறு எச்சரிக்கையுடனேயே தொடங்குகிறது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம், அறிவியல் கட்டுரைகளையும் பாடநூல்களையும் கொண்டு பயிற்றிய 'கேலக்டிகா'வை வெளியிட்டது. இல்லாத செய்திகளை ஆய்வுநடையிலேயே அது எழுதுவதாகக் கண்டனம் எழுந்ததால், மூன்று நாள்களில் அதன் பொதுப்பயன்பாடு நிறுத்தப்பட்டது. அதே மாத இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அதன்பின் நிரல் எழுதுதல், மொழிபெயர்ப்பு வரைவு, தரவுகளை வகைப்படுத்தல் ஆகியவற்றில் இக்கருவிகள் நிலைபெற்றன.

நாஞ்சில் நாட்டு ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்த இப்பகுதியின் ஆவணங்கள் பெரும்பாலும் கொல்லம் ஆண்டையே தருகின்றன. இங்கு ஆண்டு ஆவணியில் பிறப்பதால், மார்கழி நடுவரை 824ஐயும் அதன்பின் 825ஐயும் கூட்ட வேண்டும். மருமக்கள்வழி உரிமையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் 1101க்குரியது. மாதத்தைக் கருதாமல் 824ஐக் கூட்டுவோர் அதனை 1925இல் வைத்துவிடுவர். அச்சட்டம் 1926க்கு உரியது. ஒவ்வொரு தேதியையும் மாதிரியிடம் கேட்பதைவிட, இவ்விதியைச் சொல்லி ஒரு நிரலை எழுதச் செய்வதே தக்கது. நிரலைப் பிறரும் சரிபார்க்கலாம்; நூறு ஆவணங்களுக்கும் ஒரே விதி பொருந்தும். வடசேரிக் குறிப்புகளைத் தொகுப்பவர் நில எல்லை, அண்டை ஊர்ப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பிரிக்கவும் மாதிரி உதவும்; எந்த வடசேரி என்பதை அவ்வெல்லைகளே தீர்மானிக்கும்.

ஓலையை வாசிக்கும் பணி வேறு. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்ப ஓலைகளை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தோருள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) முதன்மையானவர். பிற்காலத்தில் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். செல்லரித்த இடத்தைக் கவிமணி காலத்து ஆய்வாளர் புள்ளியிட்டு விடலாம். மொழி மாதிரியின் இயல்போ அடுத்து வரத்தக்க எழுத்தைக் கணிப்பது. வெற்றிடம் அதற்கு வெற்றிடமாகத் தோன்றுவதில்லை. வரி ஓலையில் இது ஓர் அளவைப் பிழையாகலாம். அடிமை ஓலையில் நிலைமை கடுமையானது. 1855இல் திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழிக்குமுன் விற்கப்பட்டோர் பலரின் பெயர்களுக்கு இவ்வோலைகளைத் தவிர வேறு சான்று அரிது. அங்கே பொருத்தமாகத் தோன்றும் ஒரு பெயரை மாதிரி நிரப்பினால், வாழ்ந்தவர் மறைந்து வாழாதவர் ஒருவர் வரலாற்றில் ஏறிவிடுவார். வாக்கியம் பிழையற்றிருப்பதால் மதிப்பீட்டாளரும் ஐயுறார். எனவே மாதிரி முன்மொழியும் எழுத்துகளைப் பதிப்பாசிரியரின் ஊகத்திற்குரிய பகர அடைப்புக்குள் கலக்காமல் வேறொரு குறியால் காட்டுவதும், ஓலையின் படத்தை ஒவ்வொரு வாசிப்புடனும் சேர்த்து வெளியிடுவதும் பதிப்பு நெறியாக வேண்டும்.